ஆடிக் காற்று ஓய்ந்ததா? மாடிக் காற்றாலையைக் கீழே இறக்குங்கள்!

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ மொட்டை மாடியில் சொந்தமாகச் செய்த சின்னக் காற்றாலையை நிறுத்தியிருப்பவர்களுக்கு அம்மியைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சுற்றுகிற இறக்கை பறந்தால்?

கவலை நியாயமானதுதான். நொடிக்கு 8 மீட்டர் காற்றில் இறக்கையின் நுனி ஏறக்குறைய 6 மடங்கு வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 170 கிலோமீட்டரில் சுற்றும். பக்கத்து மாடியில் துணி காயப்போட வருபவருக்கு அது தெரியாது.

வீட்டுக் காற்றாலை செய்கிறவர்கள் பல நாடுகளிலும் பின்பற்றுவது, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹியூ பிகாட்டின் வடிவமைப்பை. மரத்தில் செதுக்கிய 3 இறக்கைகள், காரின் வீல் ஹப், நியோடிமியம் காந்தங்கள், செப்புக் கம்பிச் சுருள்கள். அவ்வளவுதான். ஆரோவில்லின் 'மின்வாயு' குழுவும் இந்த வகைக் காற்றாலைகளைச் செய்திருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வீல் ஹப்புக்குப் புதுப்பேட்டை, மின் பொருள்களுக்கு ரிச்சி தெரு. ஆனால், செய்வது பாதி வேலைதான். பராமரிப்பது மீதிப் பாதி.

எப்போது, எப்படி?

ஆடி முடிந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள், கடல் காற்று எழாத காலை நேரத்தில் இறக்குங்கள். காற்றாலையிலிருந்து வரும் 3 கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் அதுவே பிரேக். பிரேக் போடாமல் பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள். சுமை இல்லாத காற்றாலை தறிகெட்டுச் சுற்றும்.

எதைப் பார்க்க வேண்டும்?

* இறக்கை: காற்றை எதிர்கொள்ளும் விளிம்புதான், அதிலும் நுனிதான் முதலில் தேயும். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். ஓர் இறக்கை மட்டும் மழைநீர் குடித்துக் கனத்தாலும் முழுக் கம்பமும் அதிரும்.

* பேரிங்: கையால் சுற்றும்போது 'கரகர' சத்தமோ ஆட்டமோ இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

* காந்தம்: கடலோர உப்புக் காற்றின் முதல் இரை. துருப்பிடித்து உப்பினால் சுருளில் உரசும். கழற்றும்போது விரல் ஜாக்கிரதை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகில் வர வேண்டாம்.

* வயர்: 3 கம்பிகளையும் பிரித்த பிறகும் கையால் சுற்றக் கடினமாக இருந்தால், சுருளிலோ கம்பத்துக்குள் முறுக்கிய வயரிலோ ஷார்ட் இருக்கிறது. இரண்டிரண்டு கம்பிகளாக அளந்தால் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* ஸ்டே கம்பி: தளர்வு, துரு, போல்ட். மூன்றையும் பாருங்கள்.

எல்லாம் சரி, கரன்ட் மட்டும் குறைவா?

பழுது மாடியில் இல்லாமல் தெருவில் இருக்கலாம். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை 8 மீட்டர் காற்றில் சுமார் 290 வாட் தரும் என்றால், 4 மீட்டர் காற்றில் 36 வாட்தான். தி.நகர் போன்ற நெருக்கடியான இடத்தில் எதிரே புதிதாக எழுந்த அடுக்குமாடி ஒன்றே போதும், காற்றைத் தடுக்க. அங்கே எத்தனை பேரிங் மாற்றினாலும் பயனில்லை. அதே மாடியில் சோலார் பேனல் வைப்பதே புத்திசாலித்தனம்.

புயல் சின்னம் தெரிந்தால்...

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேரோடு நின்ற மரத்துக்கே அந்தக் கதி. எச்சரிக்கை வந்ததுமே, காற்று வலுக்கும் முன் கம்பத்தைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் மின்சாரம் போனால் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்!