பகல் ஒரு மணி ஃப்ளைட்!

விராலிமலையில் ஒரு துக்க வீடு. பெரியவர் ராத்திரி போய்விட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில். 'பகல் ஒரு மணி ஃப்ளைட், திருச்சிக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சு' என்று விடிகாலையில் போன்.

"ஒண்ணோட நாலு... இறங்கவே அஞ்சு தாண்டிடும். வீடு வந்து சேர ஏழு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்ப்பா!" என்றார் பங்காளி ஒருவர். தம்பி மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லலாமா என்று பேச்சு கிளம்பிவிட்டது.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். திருச்சி - சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,980 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 830 என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து நாலேகால். இதுவரை பங்காளி பாஸ்!

கோட்டை விட்டது கடிகாரத்தில். சிங்கப்பூர் நமக்கு 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பகல் ஒன்று என்றால் இங்கே காலை பத்தரைதான். ஆக, திருச்சியில் இறங்குவது 2.45. (டிக்கெட்டைப் பார்த்தால் வர ஒன்றே முக்கால் மணி நேரம், போக ஆறே முக்கால்! ப்ளேன் என்னவோ அதேதான் சார்.)

இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம். ஏர்போர்ட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், காரில் முக்கால் மணி. நாலரைக்கு வாசலில் நிற்பான்.

பங்காளி தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"அஞ்சு மணின்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்றார்.