நாற்பத்தைந்துக்கு மேல் ஒரு நோட்டு

வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் மீன் விற்கும் பெண்களுக்குப் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து, வெயில் ஏறியும் ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வயது 45ஐத் தாண்டியபின் திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து வேர்த்துக் கொட்டினால், வெயில் என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கம் கெட்டால் கவலை, மூட்டு வலித்தால் வயசு. மூன்றுக்கும் மாதவிடாய் நிற்கும் பருவமே காரணமாக இருக்கலாம்.

தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது குறையும்போது, உடம்பின் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது. ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி வேர்க்க வைக்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும், பிறகு குளிரும். இந்தச் சூடு தீட்டு நிற்பதற்குச் சில வருஷம் முன்பே தொடங்கி, சிலருக்கு ஏழெட்டு வருஷம்கூட நீளும்.

இதற்கு ஒரு நோட்டு எப்படி உதவும்? ஆஸ்பத்திரியில் டாக்டர் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடம். 'எப்போதிலிருந்து?' என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. பிள்ளைகளின் நோட்டில் மிச்சமான பக்கங்களே போதும். இப்படி எழுதினால் சரி:

'செவ்வா. ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டிச்சு. நைட்டி மாத்துனேன். அப்புறம் தூக்கமே இல்ல. காலைல மருமவகிட்ட கத்திட்டேன். தீட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு.'

இந்த ஐந்து வரியில் டாக்டருக்கு வேண்டியது பெரும்பாலும் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மாதக் காலண்டரில் தேதிமேல் ஒரு கோடு போடலாம், வேர்த்தால் ஒரு நிறம், தீட்டுக்கு ஒரு நிறம்.

மருமகளிடம் கத்தியதையும் அவசியம் எழுத வேண்டும். மனம் சட்டென்று மாறுவதும் இந்தப் பருவத்தோடு சேர்ந்தது. 'நான் கெட்டவளாகிவிட்டேன்' என்று தனியாகக் குமைவதுதான் பெரிய வேதனை. பக்கத்தில் இருப்பவளும் அதையே எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பாரம் இறங்கும்.

அப்படிச் சேர்ந்து பேச நமக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் உண்டு. பன்னிரண்டு முதல் இருபது பேர், ஊக்குநர், தீர்மானப் புத்தகம், சேமிப்புக் கணக்கு. கடனும் வட்டியும் பேசி முடித்தபின் அரைமணி நேரம் உடம்பைப் பற்றிப் பேசினால் என்ன? விரும்பியவர் தன் நோட்டிலிருந்து வாசிக்கலாம், விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரே கட்டுப்பாடு: அங்கே கேட்டது தெருவுக்குப் போகக் கூடாது. அதை மீறினால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்டர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இப்படிச் சூட்டால் அவதிப்பட்ட பெண்களில் சிலருக்கு மனநலப் பயிற்சியைக் குழுவாகவும், சிலருக்குக் கைப்புத்தகமாகவும் கொடுத்தார்கள். சூடு வரும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. அதனால் படும் அவதி இரண்டு தரப்பிலும் நன்றாகக் குறைந்தது. வெறும் நோட்டு எழுதுவது அந்தப் பயிற்சிக்கு ஈடாகாதுதான். ஆனால் சூட்டை மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு எவ்வளவு பங்கு உண்டு என்று அது காட்டுகிறது.

நோட்டு மருந்தாகாது. தைராய்டு கோளாறிலும் ரத்தசோகையிலும் இதுபோன்ற சில தொந்தரவுகள் வரும், பரிசோதித்தால்தான் தெரியும். அவதி தாங்கவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சையும், ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் பொதுவாகக் கொடுப்பதில்லை, அதனால் பழைய நோய்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியைப் பலர் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பெண்களின் மற்ற நோய்களையும் அங்கே பார்க்கிறார்கள்.

தீட்டு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் 'திரும்ப வந்துவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.