தீவின் வீடும் கடலின் மதிலும்

சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்களுக்கென்றே ஏற்பட்ட ஊர் என்பது நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. 1734ஆம் ஆண்டில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆற்றின் வளைவில் நூற்போரும் நெய்வோரும் குடியமர்த்தப்பட்டனர். சின்னத் தறிப் பேட்டை என்பதே இவ்வாறு மருவிற்று என்பர். அக்காலத்துச் சென்னை வீடுகளின் சுவர்கள் பளிங்கெனப் பளபளத்ததற்குக் காரணம், கடற்சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பேயாகும். ஆகவே வீட்டு வேலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. அவ்வுறவு அளவு கடந்தால் என்ன விளையும் என்பதை இராமேசுவரம் தீவில் காணலாம்.

அத்தீவின் கீழ்க்கோடியில் இருப்பது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலும் அதனோடு எழுந்த பேரலையும் அவ்வூரை அழித்தன. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசினர் அறிவித்தனர். ஆயினும் மீன்பிடி தொழிலை விட இயலாத குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து வருகின்றன. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கிறது, ஓலை நைந்துபோகிறது. கூரை வேய்வதும் கட்டுகளை இறுக்குவதும் அவர்களுக்கு ஓயாத கடமை.

அங்கு இடிந்து நிற்கும் மாதா கோவிலின் சுவரை உற்று நோக்கினால், அதில் பவளப் பாறைக் கற்கள் இருப்பது தெரியும். பவளப் பாறை வெறுங்கல் அன்று. நுண்ணிய கடலுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, பல நூற்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பிய மாளிகை அது. மீன்குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். கரையை நோக்கி வரும் அலையின் வேகத்தைத் தணிக்கும் மதிலும் அதுவே. வீட்டுச் சுவருக்காக அதனைப் பெயர்ப்பவன், ஊரின் சுவரையே பெயர்ப்பவனாகிறான்.

இது மிகைப்படக் கூறுவதன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. கட்டடக் கல்லுக்காகவும் சுண்ணாம்புக்காகவும் சுற்றியிருந்த பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தது அதற்கு முக்கிய காரணமாகும். அப்பகுதி 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. முதலையே எடுத்துச் செலவிட்டுவிட்டு, பிறகு வட்டியை எதிர்பார்க்க முடியாது என்பதைச் சங்கக் கணக்கு அறிந்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

எஞ்சிய செல்வம் இன்னும் கண்ணுக்கு விருந்தாக உள்ளது. குளிர்காலத்தில் தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்நிலைகளில் பூநாரைகள் கூட்டமாக இறங்குகின்றன. அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் ஆழ்த்தி, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. அவ்வுணவே அவற்றின் செந்நிறத்துக்குக் காரணம். 2025 ஜூன் மாதத்தில் அவ்விடம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவற்றைக் காணச் செல்வோர் எட்ட நின்று அமைதியாகக் காண்பதே முறை. நெருங்கினால் பறவைகள் எழுந்துவிடும். இரை தேடும் பொழுது வீணாகும்.

அக்கரையில் பங்குனி ஆமைகளும் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சுகள் இரவில் ஒளியுள்ள திசையை நோக்கி நகர்கின்றன; கடற்பரப்பின் வெளிச்சமே இயற்கையில் அவற்றுக்கு வழிகாட்டி. கரையோர வீட்டின் விளக்கு கடலை நோக்கி எரிந்தால் அவை வழி தவறி நிலப்பக்கம் வந்து மடியும். விளக்குக்கு ஒரு மறைப்பு இடுவதும் வீட்டுச் சீரமைப்பில் ஒரு பகுதியே. அதற்கு ஆகும் செலவு அற்பம்; பிழைக்கும் உயிர்களோ பல.

வீடு பழுதுபார்க்கக் கடன் கோரும் அங்கத்தினர்க்கு நாம் கூற விரும்புவது இது: எவ்வளவு செலவாகும் என்பதோடு, பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். கடல் மணல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதன் உப்பு கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கூரையைப் பிளக்கும். கரையை அரிக்கவிட்ட பழியும் சேரும். தெருவில் பத்து வீட்டார் ஒன்றுகூடி, நல்ல மணலும் ஓடும் சுண்ணாம்பும் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் தனித்தனியே வாங்குவதைவிடச் செலவு குறையும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம்.