மனிதரிடமிருந்து விலங்குக்கு: கொரோனாவின் மறுதிசைப் பயணம்

கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் நெருங்கிய உறவு வைரஸ்கள் வௌவால்களில் காணப்படுவதால் விலங்குகளே மனிதருக்கு நோய் தருவன என்ற எண்ணம் பரவலாக நிலவினாலும், 2020க்குப் பின் செல்லப்பிராணிகளிலும் பூங்கா விலங்குகளிலும் கண்டறியப்பட்ட தொற்றில் பெரும்பகுதி மனிதரிடமிருந்து அவற்றுக்குச் சென்றதேயாகும். 2021 ஜூனில் சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவில் தொற்றுக்குள்ளான சிங்கங்களுள் இரண்டு இறந்தபோது, அங்கிருந்து போபாலிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளில், அக்காலத்தில் மக்களிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா திரிபே காணப்பட்டது.

எந்த விலங்குக்குத் தொற்றும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்து வைரஸ் உள்நுழைய இடங்கொடுக்கும் ஏசிஇ2 என்னும் ஏற்பிப் புரதம் ஆகும். பூனைக் குடும்பத்தில் இது வைரஸுக்கு நன்கு பொருந்துகிறது. நாய்களுக்குத் தொற்று ஏற்பட்டாலும் பெரும்பாலும் நோய் முற்றுவதில்லை. மாடும் பன்றியும் எளிதில் ஆட்படாதவை, கோழிக்கோ இது தொற்றுவதே இல்லை. கோழிப்பண்ணையாளர்கள் நெடுங்காலமாகத் தடுப்பூசி போட்டுவரும் மூச்சுக்குழல் அழற்சியும் ஒரு கொரோனா வைரஸால் வருவதுதான் என்றாலும், அது வேறு இனம். பெயரொற்றுமையால் முட்டையையும் இறைச்சியையும் ஐயுற்றவர்களின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கவில்லை.

ஒரு விலங்குக்குத் தொற்றுவதைவிடக் கவலைக்குரியது, அவ்வினத்துக்குள்ளேயே வைரஸ் தொடர்ந்து சுற்றி வருவதாகும். மென்மயிர்த் தோலுக்காகக் கூண்டுகளில் நெருக்கமாக வளர்க்கப்படும் மிங்க் என்னும் கீரி போன்ற விலங்கில் இது முதலில் தெளிவாகத் தெரிந்தது: 2020 ஏப்ரலில் நெதர்லாந்துப் பண்ணைகளில் பணியாளர் வழி புகுந்த வைரஸ், மரபணு மாற்றங்களுடன் மீண்டும் பணியாளரைத் தொற்றியது. அதே ஆண்டு நவம்பரில் டென்மார்க் அரசு ஏறத்தாழ 1.7 கோடி மிங்க்குகளையும் கொல்ல ஆணையிட்டது. தொற்றில்லாத பண்ணைகளுக்கும் அவ்வாணையை விரிப்பதற்குச் சட்ட அதிகாரம் இருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட, வேளாண் அமைச்சர் மோகென்ஸ் யென்சன் பதவி விலகினார்.

பண்ணையில் அல்லாமல் காட்டில் திரியும் அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களிலும் வைரஸ் பரவியது, அங்கோ அத்தகைய ஆணைக்கும் வழியில்லை. மிச்சிகன், இல்லினாய், நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் 2021இன் தொடக்க மாதங்களில் எடுக்கப்பட்ட மான்களின் இரத்த மாதிரிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில், முன்பு தொற்று நேர்ந்ததைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. காட்டு மானுக்கு மனிதரின் வைரஸ் எவ்வழியே சென்றது என்பது இன்றும் தீராத வினா. தீவனமிடுதல், கழிவுநீர், வேட்டைத் தொடர்பு எனப் பல கருதப்படுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் வேட்டையாடப்பட்ட மான்களை ஆராய்ந்தபோது, மனிதரிடையே மறைந்துபோன ஆல்ஃபா, காமா திரிபுகள் அவற்றில் நீடித்து மாறிவந்தது தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் மானிடமிருந்து மனிதருக்குத் தொற்றியிருக்கக்கூடிய ஒரு நேர்வும் பதிவாகியுள்ளதால், மாதிரிகளைத் தொடர்ந்து சேகரித்து மரபணு வரிசையை ஒப்பிடும் கண்காணிப்பே அங்கு இப்போதைக்குச் சாத்தியமான நடவடிக்கையாக உள்ளது.