தைக்காமல் விட்ட வெள்ளை

மழை விட்ட மறுநாள் காலை, கோவையின் வடவள்ளிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள். மருதமலை பச்சையாக இருக்கும். மரம் மரமாகப் பிரித்துக்கூடப் பார்க்கலாம். அதற்கு அப்பால் தள்ளி நிற்கிற மலைகளோ நீலம். இன்னும் பின்னால் ஒரு வரிசை தெரிந்தால், அது மலையா மேகமா என்று பந்தயம் கட்ட வேண்டியிருக்கும். எல்லா வரிசையிலும் இருப்பது பாறையும் காடும்தான். நிறத்தை மாற்றுவது நடுவில் கிடக்கிற காற்று.

காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. 1871-இல் இயற்பியலாளர் ராலே பிரபு இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். மலையிலிருந்து நம் கண்ணுக்கு வருகிற வழி நெடுக அந்தச் சிதறிய நீலம் வந்து கலக்கிறது. தூரம் கூடக் கூட மலையின் சொந்தக் கருமை வெளுத்து, காற்றின் நீலம் ஏறிக்கொள்கிறது.

இந்தக் காட்சியைக் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போட உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சிக்கல் புரிந்தது. ஓவியர் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் குழைத்து மலையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார். தைக்கிறவருக்குக் குழைக்கத் தட்டு கிடையாது. கடைப் பெட்டியில் இருக்கும் நூல்கண்டு என்ன நிறமோ, அதுதான் நிறம். என் முதல் மலை, பக்கத்து வீட்டு மதில் போல முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் பரோக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களைப் புரட்டத் தொடங்கினேன். நின்றது ஒரே படத்தில்: ஹாலந்துக்காரர் யாக்கோப் வான் ராய்ஸ்டால் 1670-75 வாக்கில் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சி. இப்போது தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹார்லெமில் மலையே இல்லை. படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வானமும் மேகமும். கீழே தொடுவானத்தில் ஒரு பெரிய தேவாலயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேக நிழல் விழுந்த கரும்பச்சைக்கு நடுவே ஒரு துண்டு வெயில். அந்த வெயிலில் நீள நீளமாக வெள்ளைக் கீற்றுகள்.

அவை துணிகள். வெளுக்கப் போட்ட லினன் துணிகள்.

கொங்கு நாட்டுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹார்லெம் அன்று வெளுப்புக்குப் பேர்போன ஊர். பிற நாடுகளிலிருந்தும் துணி வந்து அங்கே இறங்கும். சாம்பல் காரத்தில் ஊற வைத்து, கொதிக்க வைத்து, புல்வெளியில் விரித்து ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, கடைசியில் மோரில் முக்குவார்கள். ஆமாம், மோர்தான். காரம் நாரிலுள்ள பழுப்பைக் கரைக்கும். ஈரமும் வெயிலும் காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு மிச்ச நிறத்தைச் சிதைக்கும். மோரின் லாக்டிக் அமிலம் எஞ்சிய காரத்தை முறிக்கும். ஒரு துணிக்கு மாதக்கணக்கில் ஆகும். மோரை விட்டுவிட்டால், நம் ஆற்றங்கரைகளின் வெள்ளாவியும் இதே வேதியியல்தான்: உவர்மண்ணின் காரம், அடுப்பின் ஆவி, பிறகு வெயில். சோமனூர், பல்லடம் தறிகளிலிருந்து இறங்குகிற பழுப்புக் காடா துணியை இன்று ஹைட்ரஜன் பெராக்சைடு சில மணி நேரத்தில் வெளுத்துவிடுகிறது. அந்த வேகத்துக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலையையும் நாம் அறிவோம். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது.

படத்துக்கு வருவோம். அது 55.5 சென்டிமீட்டர் உயரம், 62 அகலம். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள மேட்டியில் அதே அளவுக்குத் தைத்தால் 306-க்கு 342, ஏறக்குறைய 1,04,600 பெருக்கல் குறிகள். மணிக்கு நூறு போட்டு, தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றரை வருஷம் ஓடிவிடும். அதில் எழுபதாயிரம் குறி மேகத்துக்கே.

கட்டம் கட்டமாகப் போட்டது எப்படி மேகமாகிறது? நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஆறு மீட்டருக்கு அப்பால் நின்றால்தான் கட்டங்கள் முழுதாக மறையும். நம் வீட்டு ஹால் அதற்குப் போதாது. வாசலுக்கு இறங்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும் அது, நிற வேறுபாட்டில் மந்தம். அடர்த்தி ஒன்றாக உள்ள சாம்பலையும் இளநீலத்தையும் அடுத்தடுத்துத் தைத்தால், சீக்கிரமே இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொரு வழி: நூல் ஆறு இழையாக வருகிறதல்லவா, ஒரு இழை நீலம், ஒரு இழை சாம்பல் உருவி ஒரே ஊசியில் கோப்பது. என் தூரத்து மலை பின்னால் போனது இப்படித்தான். தட்டில் நடக்க வேண்டிய கலவை கண்ணுக்குள் நடந்தது.

இழையை எண்ணித் தைப்பதில் நமக்குப் பக்கத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். நீலகிரியின் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற போர்வையில் சிவப்பு, கருப்பு நூல்களால் வேலை செய்யும்போது துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணியே கோலம் கட்டுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராஃப் தாள் இல்லாமல் பத்துக் கட்டம் தாண்டாத என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

மிச்சமிருந்தது, ராய்ஸ்டாலின் கீற்றுகளைப் போன்ற ஒரு வெள்ளை. எந்த வெள்ளை நூலைப் போட்டாலும் வெயில் வரவில்லை. இதற்கு விடை பாரிஸின் கோபலின் திரைச்சீலைப் பட்டறையில் கிடைத்தது. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரூலிடம், கருப்புச் சாயம் மங்கல் என்று புகார் வந்தது. அவர் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கருப்பை மங்கடித்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று 1839-இல் பெரிய புத்தகமே எழுதினார். ராய்ஸ்டாலின் வெள்ளைக்கு வெயிலைக் கொடுப்பதும் சுற்றியுள்ள மேக நிழல்தான்.

அப்படியானால் வெள்ளை நூலே எதற்கு? துணியைக் காட்டத் துணி இருக்கிறதே.

என் மாடிக் காட்சியில், மருதமலைக்குக் கீழே எதிர்வீட்டுக் கொடியில் ஒரு வேட்டி காய்கிறது. அகலம் 9 கட்டம், உயரம் 14. சுற்றிலும் கரும்பச்சை ஏற்றியாகிவிட்டது. அந்த 126 கட்டத்தில் மட்டும் ஊசி இறங்கவில்லை.