குத்தின இடத்துல குத்தம்

குளிர் ஆரம்பிச்சாச்சு. கேம்பஸ்ல ஃப்ளூ ஊசிக்கு வரிசை நிக்குது. நானும் போட்டுக்கிட்டேன், நீங்களும் போட்டுக்குங்க. இது ஊசிக்கு எதிரான பதிவு இல்லை, சண்டைக்கு வராதீங்க மக்களே :-)

மேல்கைத் தசையில இறங்கவேண்டிய ஊசி கொஞ்சம் மேலே, தோள் மூட்டுப் பக்கம் இறங்கிட்டா உள்ளே அழற்சி வந்து கையைத் தூக்கவே முடியாது. மருந்து மேல குத்தமில்ல, குத்தின இடத்துலதான் குத்தம். இதுக்கு ‘சிர்வா’ன்னு பேர். என் ரூம்மேட்டுக்கு இதுதான். சட்டையைக் கழட்டாம காலரை இழுத்துவிட்டு, தோள் உச்சியில போட்டிருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே வலி. எட்டு மாசமாச்சு, இன்னும் சட்டை மாட்ட கஷ்டப்படறான்.

அமெரிக்காவுல இதுக்கு நஷ்டஈடு உண்டு. 1986-ல சட்டம் வந்து, 1988-லேர்ந்து நடக்குது. தடுப்பூசி தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி, அதுதான் நிதி. நர்ஸ் மேலயோ கம்பெனி மேலயோ கேஸ் இல்லை. எதிர்த்தரப்பு அரசாங்கத்தோட சுகாதாரத்துறை. வாஷிங்டன்ல தனி கோர்ட், ஜூரி கிடையாது.

2017-ல சிர்வாவை அட்டவணையில சேர்த்தாங்க. 48 மணி நேரத்துக்குள்ள வலி ஆரம்பிச்சிருக்கணும், அந்தத் தோள்ல முன்னாடி தொந்தரவு இருந்திருக்கக்கூடாது, பாதிப்பு ஆறு மாசத்துக்கு மேல நீடிக்கணும். இதெல்லாம் பொருந்தினா ஊசிதான் காரணம்னு தனியா நிரூபிக்க வேண்டாம். வலி வேதனைக்கு மட்டும் உச்சவரம்பு இரண்டரை லட்சம் டாலர்; வைத்தியச் செலவு, சம்பள இழப்பு தனி. வக்கீல் ஃபீஸையும் நிதியே கொடுக்கும். நியாயமான வழக்கா இருந்தா தோத்தாலும் கிடைக்கும். (கோவிட் ஊசி இந்தக் கணக்குல வராது. அதுக்கு வேற திட்டம், ஒரே வருஷக் கெடு, வலிக்கும் வக்கீலுக்கும் காசு கிடையாது.)

“விசாவுல இருக்கிறவனுக்கு எதுக்குடா கோர்ட்டு வம்பு”ன்னு நம்மாளு மழுப்பறான். குடியுரிமை வேணும்னு சட்டத்துல எங்கேயும் இல்லை. முதல் அறிகுறியிலேர்ந்து மூணு வருஷம் டைமும் இருக்கு.

நிஜமான சிக்கல் வேற. நாமதான் தைலம் தேய்ச்சு, அம்மாவுக்கு போன் பண்ணி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற ஜாதியாச்சே! கோர்ட் பார்க்கிறது மருத்துவக் குறிப்பை. பய போன வாரம்தான் முதல் தடவையா டாக்டர்கிட்ட போனான். எப்பலேர்ந்து வலின்னு கேட்டதுக்கு “கொஞ்ச நாளா”ன்னு சொல்லிட்டு வந்திருக்கான். ஊசியைப் பத்தி வாயே திறக்கலை. இப்ப ஃபைல்ல இருக்கிறது அந்தக் “கொஞ்ச நாளா” மட்டும்தான். வியாழக்கிழமை மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். ஊசி போட்ட தேதிச் சீட்டோட நானும் கூடப் போறேன்.