ரயில் ஓடுகிறது, பலன் எவ்வளவு?

புது தில்லி: அரசின் பெருந்திட்டம் ஒன்று முடிந்துவிட்டதாக எப்போது சொல்வது? நாடா வெட்டப்பட்ட அன்றா, கடைசி ஒப்பந்ததாரருக்குப் பணம் பட்டுவாடா ஆன அன்றா, அல்லது எந்தப் பலனுக்காகப் பணம் செலவிடப்பட்டதோ அது மக்களின் கைக்கு வந்து சேர்ந்த அன்றா? முதல் இரண்டுக்கும் தலைநகரின் கோப்புகளில் விடை உண்டு. மூன்றாவது கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதற்குத் தில்லி மெட்ரோ ரயிலின் முதல் கட்டமே சான்று.

2002 டிசம்பரில் ஷாதரா - தீஸ் ஹஸாரி இடையே முதல் ரயிலை அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். 2006 நவம்பரில் சுமார் 65 கி.மீ. நீளமுள்ள முதல் கட்டம் முழுமை பெற்றது. செலவு ரூ. 10,571 கோடி. குறித்த கெடுவுக்கு 2 ஆண்டு 9 மாதம் முன்னதாகவே பணி முடிந்தது. அரசுப் பணி என்றாலே இழுபறி என்று பழகிப்போன நாட்டில் இது வியப்புக்குரிய சாதனை. நிர்வாக இயக்குநர் ஈ. ஸ்ரீதரனின் புகழ் நாடெங்கும் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் பயணிகளின் எண்ணிக்கை வேறு கதை சொன்னது. 1996ல் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்டபோது, 2005ஆம் ஆண்டில் நாள்தோறும் சுமார் 31 லட்சம் பேர் பயணம் செய்வர் எனக் கணிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது ஏறத்தாழ 21.8 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2007ல் உண்மையில் பயணம் செய்தவர்களோ நாளொன்றுக்குச் சுமார் ஆறு லட்சம் பேர்தான். முதல் கட்டப் பணிகளை ஆராய்ந்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2008ல் அளித்த அறிக்கையும் இந்தக் குறைவைச் சுட்டிக்காட்டியது.

இது தில்லிக்கு மட்டுமே உரிய நோய் அன்று. 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005ல் வெளியான ஆய்வு ஒன்று, ரயில் திட்டங்களில் வந்து சேர்ந்த பயணிகள் சராசரியாகக் கணிப்பில் பாதியளவே எனக் கண்டறிந்தது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் திட்டம் ஆதாயமுள்ளதாகத் தோன்றும். ஒப்புதலும் எளிதில் கிட்டும். கணிப்பு பொய்த்துப்போகும் நாளில் கணித்தவர் அந்த நாற்காலியில் இருப்பதில்லை.

அப்படியானால் பத்தாயிரம் கோடி ரூபாயும் வீணா? தில்லியில் உள்ள பொருளாதார வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் 2006ல் வெளியிட்ட சமூக வரவு செலவுக் கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. மெட்ரோ முதலீட்டின் நிதி வருவாய் விகிதம் 17 சதவீதம் என்றும், சமுதாயம் முழுவதற்குமான பொருளாதார வருவாய் விகிதம் 24 சதவீதம் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். பயணிகளுக்கு மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் எரிபொருள், குறையும் விபத்து, குறையும் காற்று மாசு ஆகியவற்றுக்கெல்லாம் ரூபாயில் விலை வைத்துப் போட்ட கணக்கு இது. பயணச்சீட்டு எடுக்காமல் சாலையில் செல்பவருக்கும் நெரிசல் குறைவதால் பலன் உண்டு என்பது இதன் அடிப்படை. ஆயினும் பல பத்தாண்டுகளை முன்னோக்கிப் பார்க்கும் எந்தக் கணக்கும் வருங்காலப் பயணிகள் குறித்த கணிப்பின் மீதுதான் நின்றாக வேண்டும். தணிக்கையாளர் கேள்வி எழுப்பியதும் அந்தக் கணிப்பைத்தானே!

முதல் கட்டச் செலவில் சுமார் 60 சதவீதத்தைக் குறைந்த வட்டிக் கடனாகத் தந்தது ஜப்பான். அந்நாட்டுக் கடனுதவி அமைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. பணி முடிந்த சில ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்களை அனுப்பி, திட்டத்தின் தேவை, செயல்திறன், பலன், தாக்கம், நீடித்து நிற்கும் தன்மை ஆகியவற்றை மதிப்பிட்டுத் தரம் குறிக்கிறது. கடன் கொடுத்தவருக்கு உள்ள இந்த அக்கறை, கடனை அடைக்க வேண்டியவருக்கு அதே அளவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ரூ. 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களைப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணிக்கிறது. எத்தனை மாதம் தாமதம், எத்தனை கோடி கூடுதல் செலவு என்று அதன் அறிக்கைகள் துல்லியமாகக் கூறும். பணி முடிந்ததும் திட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பலன் வரத் தொடங்குவதோ அதன் பிறகுதான்.

இக்குறையைப் போக்க முயற்சியே நடக்கவில்லை என்று கூறிவிட முடியாது. ஒதுக்கிய தொகையை மட்டுமன்றி அதனால் விளையும் பலனையும் அமைச்சகங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற நோக்குடன், 2005 ஆகஸ்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் முதல் பலன்சார் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். 2015ல் நீதி ஆயோக்கின் கீழ் மதிப்பீட்டுக்கென்றே தனி அலுவலகமும் அமைக்கப்பட்டது. இவை பெரிதும் துறைகளையும் நலத்திட்டங்களையும் அளப்பவை. ஒரு பாலத்தையோ ஒரு ரயில் தடத்தையோ திறந்த ஐந்தாம் ஆண்டில் திரும்பிப் பார்ப்பது இன்னும் வாடிக்கையாகவில்லை.

காலம் செல்லச் செல்ல மெட்ரோவின் எண்களும் மாறின. 2024 நவம்பர் 18ஆம் தேதி ஒரே நாளில் 78.67 லட்சம் பயணங்கள் பதிவாயின. ஆனால் இது ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஒருவர் இரு இடங்களில் ரயில் மாறி மூன்று தடங்களில் சென்றால் மூன்று பயணங்கள் எனக் கொள்ளப்படும். பழைய கணிப்போடு இதை அப்படியே ஒப்பிட்டு வெற்றி முழக்கம் இடுவதும் சரியாகாது. ஷாதராவில் தொடங்கிய தடம் 2019ல் காஜியாபாத் வரை நீண்டுவிட்டது. அங்கே ஏறி, பின்னர் கட்டப்பட்ட தடங்களுக்கு மாறிச் செல்லும் பயணியை முதல் கட்டத்தின் கணக்கில் எழுதுவதா, அடுத்த கட்டங்களின் கணக்கில் எழுதுவதா என்று இனிப் பிரித்துச் சொல்வதும் கடினம்.